இருக்கியா என்று கேட்ட அக்கா

அக்கா ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவதுதான் நல்லது. சொல்லாமல் நழுவிவிடலாம் என்று நினைத்தவர்கள் யாரும் உருப்படியாகத் தப்பித்ததாக எனக்கு நினைவில்லை.

"சாப்பிட்டியாப்பா?" என்பாள், எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலைத் தாண்டும்போது. எஸ்டேட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே நடந்துவிடுவார்கள். அக்கா நின்றுவிடுவாள். முகத்தில் சோப்பு நுரையோடு நான் உள்ளேயிருந்து முனகினால் அது அவள் கணக்கில் பதிலே இல்லை. கண் எரிய எரிய வெளியே வந்து, "சாப்பிட்டேன்க்கா, நீங்க போங்க" என்று வாய் திறந்து சொன்னால்தான் காலை எடுத்து வைப்பாள். காலை நேரத்தில் இப்படி உயிரை வாங்குகிறாளே என்று எரிச்சலாக வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சாப்பிடவில்லை என்று சொன்ன நாட்களில் அவள் தூக்குச்சட்டி என் வாசலில் இறங்காமல் போனதில்லை.

தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்கு ஒருமுறை அவளோடு போனேன். பெரிய ஆபீசர் எப்போது வருவார் என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவுக்கு மை போட்டார், ஜன்னலைச் சாத்தினார், டீ வந்தது, குடித்தார். அக்கா அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. "கேட்டிருக்கேன்லா, பதில் வரட்டும்" என்றாள் என்னைப் பார்த்து. கோபமே இல்லை, அதுதான் ஆச்சரியம். கடைசியில் அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்து, "உச்ச கழிஞ்ஞு வரும்" என்றார். மத்தியானத்துக்கு மேல் வருவாராம். அக்கா கும்பிட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்தாள். அவ்வளவு நிம்மதி அவள் முகத்தில்.

எழுபதுகளில் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் அக்கா. பேரை எழுதவில்லை, எழுதினாலும் யாருக்கும் தெரியாது. அவளைவிட மூத்த பெண்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஒருநாள் தேயிலைக் காட்டில் நின்று பார்த்திருக்க வேண்டும். மூடுபனியை எங்கள் பக்கம் மலையாளத்துக்காரர்களைப் போல மஞ்சு என்போம். மஞ்சு இறங்கினால் அடுத்த நிரையில் நிற்கிறவள் தெரியமாட்டாள். சரிவில் ஓடைகள் உண்டு, பள்ளம் உண்டு, சில மாதங்களில் யானையும் உண்டு. அதனால் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி "இருக்கியா?" என்று குரல் கொடுப்பாள். பக்கத்து நிரைக்காரி "இருக்கேன்" என்பாள். பிறகு அவள் தனக்கு அடுத்தவளைக் கேட்பாள். பதில் வந்த பிறகுதான் எல்லோரும் மேலே ஏறுவார்கள். அதில் ஒரே ஒரு கண்டிப்பு. ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்லக் கூடாது.

ஒருநாள் அக்கா குரல் கொடுத்தாள், பதில் இல்லை. மறுபடி கொடுத்தாள், இல்லை. வேலை தாமதமாகிறதென்று கங்காணிக்கு அவசரம். "இருக்கா, இருக்கா, நீ ஏறு" என்று கீழேயிருந்து அவர் கத்தினார். அக்கா ஏறவில்லை. அவள் ஏறாததால் அந்தச் சரிவே நின்றது. கங்காணி கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேட்டுக்கொண்டே மஞ்சுக்குள் இறங்கிப் போனாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி ஓடையில் விழுந்து, கால் பாறைக்கிடையில் மாட்டி, மயங்கிக் கிடந்தாள். ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கி வந்தார்கள். கங்காணியிடம் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாளாம்.

"நீங்க அவளுக்காகப் பதில் சொன்னீங்கள்லா. அப்புறம் அவளை யாரு தேடுவா?"

அதற்குப் பிறகு அந்தக் கங்காணி மஞ்சு நாட்களில் வாயைத் திறப்பதில்லை.

இனி எங்கள் பாப் இசைக் குழுவின் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஹில்டாப் ஸ்டார்ஸ் என்று பேர். டீ ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்த மாடசாமிதான் தலைவர், அக்கார்டியன் வாசிப்பார். வெள்ளைக்காரத் துரைகள் கிளப்பில் விட்டுப்போன டிரம்ஸைப் பரமன் அடிப்பான். கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த நான் கிதார். எஸ்டேட் தையல்காரர் தைத்த பெல்பாட்டம் போட்டுக்கொண்டு மூன்று பேரும் மேடையில் நின்றால் பார்க்க நன்றாகத்தான் இருப்போம், கேட்கத்தான் முடியாது. எங்களில் யாருக்கும் பாட வராது. லேபர் கிளப் ஆண்டு விழாவில் நான் பாடியபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் சொந்த மாமா எழுந்து போனார்.

மஞ்சுக்குள்ளிருந்து வந்த அக்காவின் குரலை ஒருநாள் மாடசாமி ஃபேக்டரி வாசலில் நின்று கேட்டார். அன்று சாயங்காலமே அவள் லயத்துக்குப் போய்க் குழுவில் பாட வருகிறீர்களா என்று கேட்டார். தன்னைக் கேட்ட கேள்விக்கு அக்கா எப்போதும் தாமதித்ததில்லை. "வாரேன்" என்றாள்.

பாட்டும் அவள் வாயில் வந்ததுதான். மாடசாமி அதை ஆட்டம் போடுகிற மெட்டில் உட்கார வைத்தார்.

மேட்டுச் சரிவுல மேகம் எறங்குது,
பக்கத்து நிரையில பாதை மறையுது,
இருக்கியா... ஏய், இருக்கியா?

கேட்டுவிட்டு நிறுத்துவாள். அவள் நிறுத்தும்போது நாங்களும் நிறுத்த வேண்டும். அக்கார்டியன், கிதார் எல்லாம் நிற்கணும். பரமன் பழக்கதோஷத்தில் தாளத்தைத் தட்டினான் என்றால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். நீ தட்டிக்கிட்டே இருந்தா பதில் எப்படிக் கேட்கும் என்பாள். முதல்முறை கிளப்பில் பாடியபோது கூட்டத்திலிருந்த பெண்கள் "இருக்கேன்" என்று தங்களையறியாமல் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மெட்ராஸ்காரர் பின்னால் நின்று கேட்டார். அவர் சின்னதாக இசைத்தட்டுக் கம்பெனி நடத்துகிறவர். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று சின்ன ரெக்கார்டு போட்டுத் தருகிறேன், வாருங்கள் என்றார். மறுபக்கத்துக்கு நான் மெட்டமைத்த ஆட்டப் பாட்டு. அதைப் பற்றிக் கேட்டு எழுத இங்கே யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மெட்ராஸில் அந்த ஒலிப்பதிவு அறையில் நுழைந்ததுமே அக்காவுக்கு முகம் மாறியது. சுவரெல்லாம் மெத்தை. கையைத் தட்டினால் சத்தம் அங்கேயே செத்துப்போகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரரும் ஒலிப்பதிவாளரும். அக்கா "இருக்கியா?" என்று கேட்டாள். நிறுத்தினாள். நாங்களும் நிறுத்தினோம். நின்றது நின்றதுதான். டேப் சும்மா ஓடியது.

என்னம்மா ஆயிற்று, அடுத்த அடி மறந்துவிட்டதா என்று ஒலிப்பதிவாளர் ஓடி வந்தார். மறக்கவில்லை, பதில் வரவில்லை என்று மாடசாமி விளக்கினார். ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில், ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் கையைத் தூக்கிக் காட்டுவது, அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அக்கா மேலே பாடுவது என்று ஏற்பாடு.

ஆனால் கம்பெனிக்காரர் விடவில்லை. ரெக்கார்டில் இப்படி வெறுமையாக விட்டால் ஊசி நின்றுவிட்டது என்று நினைப்பார்கள், அந்த இடத்தில் நீங்களே "இருக்கேன்" என்று பாடிவிடுங்கள் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பரமனுக்கும் பட்டது. அக்கா மாட்டேன் என்றாள். சரி, இந்தப் பையன்கள் கோரஸாகப் பாடட்டும் என்றார். அதற்கும் கூடாது என்றாள்.

"கேக்குறது நான். கேக்கப்பட்டவக எங்கயோ இருக்காக. அவகளுக்காக நாம பதில் சொல்லப்பிடாது."

"பாட்டுதானேம்மா" என்றார் அவர்.

"பாட்டுன்னா பொய் சொல்லலாமா?"

நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெட்ராஸ் வரை வந்து காரியத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்கு வந்த கோபத்தில் கிதார் கம்பியை அறுத்திருப்பேன். ஆனால் ஓடையில் கிடந்த அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தவர்களில் மாடசாமியும் ஒருவர். அவர்தான் நிமிர்ந்து, அக்கா சொல்கிறபடியே இருக்கட்டும் என்றார். கம்பெனிக்காரர் அன்றைக்கு அறை வாடகை கொடுத்துவிட்டிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே பதிவு செய்தார்.

தட்டு வெளிவந்தது. அவர் சொன்னபடியேதான் நடந்தது. போடியில் கடைக்குப் போட்ட தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாங்கிப்போனவர்கள் ஊசியை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், தட்டைத் துடைத்துப் பார்த்திருக்கிறார்கள், மெஷினைக்கூடத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். நடுநடுவே நின்றுபோகிற கெட்டுப்போன சரக்கு என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். அதைவிட, மறுபக்கத்துப் பாட்டு நிற்காமல் ஓடுகிறதே, அதனால் அதுவும் கெட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார் பாருங்கள், அன்றைக்கு என் மூக்கு உடைந்தது. மெட்ராஸிலிருந்து கம்பெனிக்காரர் மூணாறு வந்தபோது மாடசாமியைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசிவிட்டார். தெரியாத்தனமாக உங்களை நம்பினேன் என்றாராம்.

அக்காவிடம் சொன்னோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பாட்டு கேட்டவக யாரும் பதில் சொல்லலையாமா?" இல்லை என்றேன். அவள் முகம் வாடியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். வீம்புக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த எனக்கே வருத்தமாகப் போயிற்று.

லேபர் கிளப் ஆண்டு விழாவுக்கு முதல் நாள். ரேடியோ செட்டுக்காரர் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி மலைப்பக்கம் திருப்பி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கைக்குக் கிடைத்த தட்டு எங்களுடையது. மத்தியானம் மஞ்சு இறங்கியிருந்தது. நான் வாட்டு மாடி ஜன்னலில் இருந்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயிலிருந்து அக்காவின் குரல் புறப்பட்டது. மேட்டுச் சரிவுல மேகம் எறங்குது. பக்கத்து நிரையில பாதை மறையுது. இருக்கியா, ஏய், இருக்கியா?

பாட்டு நின்றது.

மஞ்சுக்குள்ளிருந்து "இருக்கேன்" என்று ஒரு குரல். அதற்கு மேலேயிருந்து இன்னொன்று. எதிர்ச்சரிவிலிருந்து வரிசையாக, இருக்கேன், இருக்கேன், இருக்கேன். ஆள் ஒருத்தரும் தெரியவில்லை, மலை முழுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை கேட்டபோது கனமான ஆண் குரல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அந்தக் கங்காணி. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு ஃபேக்டரியே வாசலுக்கு வந்துவிட்டது. மாடசாமி எஞ்சின் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாகிவிட்டார்.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அக்காவிடம், நீங்களும் பதில் சொன்னீர்களா என்று கேட்டேன். என் குரலுக்கு நானே எப்படிச் சொல்ல முடியும் என்றாள். ஆனால் சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

அதன்பிறகு யாரும் எங்களைத் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. போடிமெட்டு டீக்கடையில் தட்டு ஓடியது. கொண்டை ஊசி வளைவில் மஞ்சுக்குள் ஊர்ந்து வருகிற லாரிக்காரர்கள் ஹாரனுக்குப் பதில் "இருக்கியா?" என்று கத்தினார்களாம், எதிரே வருகிறவன் "இருக்கேன்" என்பானாம். வட்டவடையிலிருந்து காரட் மூட்டையோடு மூணாறு போகிற ஜீப்பில் டிரைவர் கேட்பார், மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் பதில் சொல்வார்கள். திருப்பி அனுப்பிய போடிக் கடைக்காரரே, இருக்கிற தட்டையெல்லாம் அனுப்புங்கள் என்று ஆள் விட்டார். போன முறை நின்றுபோகிற சரக்கு என்றீர்களே என்று கேட்கச் சொல்லி அந்த ஆளிடம் நான்தான் சொல்லி அனுப்பினேன். கேட்டானா தெரியாது.

கம்பெனிக்காரர் மட்டும் மசியவில்லை. மலையில் எடுபடும், மஞ்சு தெரிந்தவர்கள், கீழே வெயிலில் கிடக்கிறவனுக்கு இது என்ன புரியும் என்றார். அவர் மச்சினன் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. அங்கே கோயில் நோன்பித் திருவிழாவுக்கு மேடை போடுகிறார்கள், வந்து பாடுங்கள், நானும் வருகிறேன் என்றார். அங்கே எடுபடாவிட்டால் வேறு பாட்டுக்காரியை வைத்து, பதிலையும் சேர்த்துப் பாட வைத்துப் புதுத் தட்டு போட்டுவிடுவதாகவும், அக்கா பாடிய தட்டுகளை உருக்கிவிடுவதாகவும் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, அங்கயும் கேட்டுப் பாப்போம்" என்றாள்.

கொழிஞ்சாம்பாறை நிலக்கடலைக் காடும் பனைமரமும் உள்ள ஊர். கணவாய்க் காற்று அனலாக அடித்தது. மஞ்சு இறங்கிப் பார்த்தவர்கள் அங்கே குறைவு. பொழுது சாயும் முன்பே திடல் நிறைந்துவிட்டது, ஒரு பக்கம் வேட்டியும் துண்டுமாகக் குடியானவர்கள், மறுபக்கம் பெண்கள். முதலில் என் ஆட்டப் பாட்டை வாசித்தோம். கை தட்டினார்கள், மரியாதைக்கு. பிறகு அக்கா மைக்குக்கு வந்தாள். கம்பெனிக்காரர் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

இருக்கியா... ஏய், இருக்கியா?

நிறுத்தினாள். நாங்களும் நிறுத்தினோம். திடல் எங்களைப் பார்த்தது. ஒரு சத்தம் இல்லை. மைக் கெட்டுவிட்டதோ என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா நிற்கிறாள். மாடசாமி, போதும், அடுத்த அடிக்குப் போ என்று கண்ணால் கெஞ்சுகிறார். பரமன் குச்சியைத் தூக்கியவன் தூக்கியபடியே இருக்கிறான். எனக்கு வியர்வை கிதார்மேல் சொட்டுகிறது. மெட்ராஸில் கை தூக்கிக் காட்ட ஒரு ஆளாவது இருந்தார், இங்கே அதுவும் இல்லை. அக்காவின் கை மட்டும் மைக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பயந்துவிட்டாள். பயந்தும் நகரவில்லை.

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இருக்கறனுங்க."

யாரோ வீட்டு வாசலில் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல அத்தனை மரியாதையாகச் சொன்னார். திடல் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து "நானும் இருக்கறனுங்க" என்று ஒரு குரல். பிறகு எங்கிருந்து எங்கே என்று சொல்ல முடியவில்லை, நாலா பக்கமும் இருக்கறனுங்க, இருக்கறமுங்க என்று ஒரே முழக்கம். பரமன் குச்சியை இறக்கினான் பாருங்கள், அந்த அடியை வாழ்நாளில் அவன் மறுபடி அடித்ததில்லை.

அக்காவுக்கு அடுத்த அடி வரவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள். அந்த ஜனங்கள் கத்தவில்லை, விசிலடிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும்வரை அப்படியே உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்தப் பாட்டை அன்றைக்கு எங்களை எத்தனை தடவை பாட வைத்தார்கள் என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. என் பாட்டை யாரும் மறுபடி கேட்கவில்லை. போகட்டும், அன்றைக்கு நான்கூட அதைக் கேட்டிருக்கமாட்டேன்.

முடிந்ததும் கம்பெனிக்காரர் மேடையேறி வந்தார். தட்டை இப்படியே, ஒரு இடமும் மாற்றாமல், எல்லா ஊருக்கும் அனுப்பப்போவதாக மாடசாமியிடம் படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். மாடசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பரமனும் கருவிகளை உறையில் போட்டுக் கட்டி, கீழே இறக்க ஆரம்பித்துவிட்டோம். அக்கா மட்டும் மைக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க பதில் சொன்னீங்களாய்யா?" என்று கேட்டாள்.

கம்பெனிக்காரர் மாடசாமியிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டார். எங்களைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். அக்கா அவசரப்படுத்தவில்லை.

"சொன்னேம்மா" என்றார். "நானும் இருக்கேன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகுதான் அக்கா மேடையை விட்டு இறங்கினாள்.